தோள்பட்டை வலி என்று சொல்லச் சொன்னேன்

புதிதாகப் பையை மாட்டிக்கொண்டு கிராமத்துக்குள் இறங்கியிருக்கும் தங்கச்சிகளுக்கு,

முப்பத்தோரு வருஷம் இந்த விருதுநகர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக முதலில் நடந்தும், பிறகு ஸ்கூட்டியிலும் அலைந்துவிட்டு, அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். பிரசவ அறை வீரக்கதைகளை என்னிடம் எதிர்பார்த்து உட்காராதீர்கள். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம். நான் சொல்லப்போவது வயிறே தெரியாத வாரங்களைப் பற்றி. நாள் தள்ளிப்போன முதல் ஒன்றரை, இரண்டு மாதத்தைப் பற்றி. என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு அந்த வாரங்களில்தான் நடந்தது.

பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் குமட்டும். மார்பு கனத்து வலிக்கும். அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். தாளிப்பு வாசம் பட்டால் அடுப்படியை விட்டு ஓடுவார்கள். உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும். லேசாக அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். சிறுநீரை அட்டையில் விட்டால் இரண்டு கோடு விழும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடு, ரத்தம் பார், பதிவு செய், ஸ்கேனுக்கு அனுப்பு. எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண் இதில் ஒன்றைக்கூட நேராக வந்து உங்களிடம் சொல்ல மாட்டாள்.

காரணம் கேளுங்கள். பட்டாசுக்குள் அடைக்கிற ரசாயனப் பொடியை இங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். குமட்டினால் மருந்து வாடை. தலை சுற்றினால் மருந்து வாடை. சோறு இறங்கவில்லை என்றாலும் அதே மருந்து வாடைதான். பாதிப் பெண்களுக்குத் தாங்கள் உண்டாயிருப்பது தெரியவே இரண்டு மாதம் ஆகிவிடும். மீதிப் பாதிக்குத் தெரியும், ஆனால் மூன்று மாதம் முடியாமல் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியே சொன்னால் கண்பட்டுக் கலைந்துவிடும் என்ற பயம். சிரிக்காதீர்கள். ஒரு தடவை கலைந்து, அதன்பிறகு ஊரே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போன வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் சிரிப்பு வராது.

மாரீஸ்வரி அப்படிப்பட்ட வீட்டுக்காரி. சாத்தூர்ப் பக்கம் என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஊர். கல்யாணமாகி ஐந்து வருஷம். பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற ரூமில் வேலை. வீட்டுக்காரன் முருகேசன் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன், நல்ல பையன், ஆனால் அவன் வாயில் ஒரு சேதி அரை நாள் தங்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவள் உண்டானபோது ஐந்தாவது வாரத்திலேயே லோடுமேன் அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டான். மாமியார் பேச்சியம்மாள் தன் பங்குக்குத் தெருவெல்லாம் சொன்னாள். எட்டாவது வாரத்தில் அது கலைந்தது. மிட்டாய் தின்ற எல்லோரும் வரிசையாக வந்து, "என்னத்தா, இப்படி ஆகிப்போச்சே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வாரம் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுபடி அவள் என்னிடம் வந்தது ஒரு புரட்டாசி முதல் வாரம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஊரில் ஒரு பெண்கூடப் பகலில் வீட்டில் இருக்க மாட்டாள். மாரீஸ்வரி மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, முந்தானைக்குள் இருந்து ஒரு அட்டையை எடுத்தாள். இரண்டு கோடு. இரண்டாவது கோடு கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.

"கடைசியா எப்ப குளிச்ச தாயி?"

"ஆடி கடைசி வெள்ளி சிஸ்டர். மாவிளக்கு எடுக்கப் போகணும்னு நோம்பு இருந்தேன், அன்னைக்குன்னு பார்த்து வந்துருச்சு. கோயிலுக்குப் போக முடியல. அதான் நல்லா ஞாபகம் இருக்கு."

நாளை எண்ணிப் பார்த்தேன். ஐந்து வாரம். சந்தோஷமாகக் கர்ப்பிணிகளைப் பதிகிற நோட்டை விரித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் அலுமினியப் பவுடர் ஏறிச் சாம்பல் நிறமாக மின்னியது.

"எழுதாதீக சிஸ்டர். ஒங்க கால்ல விழுறேன். எழுதுனா செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரில மாசமா இருக்கவுக வரிசைல நிக்கச் சொல்லுவீக. எங்கூர்க்காரவுக பத்துப் பேரு அங்கன நிப்பாக. மூணு மாசம் முடியட்டும், நானே வாரேன்."

"முருகேசனுக்குத் தெரியுமா?"

"அவருகிட்டச் சொல்றதும் மைக் வச்சுச் சொல்றதும் ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் மனசு இளகிவிட்டது. போன தடவை அவள் பட்டது எனக்குத் தெரியும். சரி, ஒரு ஏழு வாரம்தானே, மாத்திரையை மட்டும் கொடுத்து நாமே கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். நோட்டை மூடினேன். இது என் முதல் தப்பு. இரக்கப்பட்டுச் செய்த தப்பைத்தான் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகும், தங்கச்சிகளே. அது தப்பு மாதிரியே தெரியாது.

இரண்டாவது தப்பு அடுத்த நிமிஷம் நடந்தது. மருந்து அடைக்கிற ரூமில் இனி உட்காரக் கூடாது என்று சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "ரூம் மாத்திக் கேட்டா போர்மேன் எதுக்குன்னு கேப்பாரு. காரணம் சொல்லணும்ல?"

"தோள்பட்டை வலிக்குன்னு சொல்லு. கை தூக்க முடியல, மருந்து அடைக்க முடியலன்னு சொல்லி லேபிள் ஒட்டுற ரூமுக்கு மாத்திக் கேளு. வீட்லயும் அதையே சொல்லு. அதிகமா வேலை வாங்க மாட்டாக."

அவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லிக் கொடுத்தேன். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிற ஊர் இது, இங்கே எந்தப் பெண்ணுக்குத்தான் தோள்பட்டை வலிக்கவில்லை? யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளும் முகம் மலர்ந்து, "நல்ல யோசனை சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கே என் புத்தியை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. உங்களுக்குத் தெரியும், புதன் என்றால் தடுப்பூசி நாள். அங்கன்வாடியில் பிள்ளைகளும் தாய்மாருமாக ஒரே இரைச்சல். பத்தரை மணி இருக்கும், பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

"சிஸ்டர், எம் மருமகளுக்குத் தோள்பட்டை வலியாம். கம்பெனிக்குப் போகல. ஒரு மாத்திரை குடுங்க."

நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அடி கள்ளி, சீசன் நேரத்தில் வீட்டில் இருந்து ஓய்வெடுக்க வழி கண்டுபிடித்துவிட்டாயே, நல்லது, இரு என்று நினைத்தேன். பாராசிட்டமால் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். தண்ணிக்குடம் தூக்க விடாதீங்க" என்று மாமியாரிடம் கறாராக வேறு சொன்னேன். பொய்யைக் காப்பாற்றுவதில் நானும் ஒரு கை கொடுக்கிறேனாம்.

அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வலி என்ற சொல்லைக் கேட்டு ஒரு செவிலி மனசுக்குள் சிரித்தாள் என்றால் அவளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பேச்சியம்மாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை முகத்தில் எரிச்சல்.

"மாத்திரைக்குக் கேக்கல சிஸ்டர். தைலம் இருந்தாக் குடுங்க. எண்ணெய் காய வச்சிருக்கேன், சுளுக்கு வழிச்சு விடலாம்னு பாக்கேன். என்ன வலியோ போங்க, படுத்தாத்தானே வலி அமரும்? இவ படுக்கவே மாட்டேங்கா. படுத்தாக் கூடுதுங்கா. விடிஞ்சதுல இருந்து சுவத்துல சாஞ்சே உக்காந்திருக்கா."

என் கையில் ஊசி இருந்தது, மடியில் ஒரு பிள்ளையின் தொடை. அந்த ஊசியைப் போட்டு முடித்தேன். ஊசிப் பெட்டியை மூடினேன்.

பொய் வலிக்காரி படுத்துக்கொள்வாள். வேலை செய்து வந்த வலியும் படுத்தால் குறையும். படுத்தால் கூடுகிற தோள்பட்டை வலி ஒன்று இருக்கிறது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கி வளர்ந்து, ஆறு ஏழு வாரத்தில் குழாய் தாங்காமல் வெடித்தால், ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கசியும். படுத்தால் அந்த ரத்தம் மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையைத் தொடும். வலி அங்கே தெரியாது, தோள் நுனியில் தெரியும். படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

அங்கன்வாடி டீச்சரிடம், "யாரையும் போக விடாதீங்க, ஊசிப் பெட்டியைத் திறக்காதீங்க, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை முடுக்கினேன். "என்ன சிஸ்டர், ஒரு சுளுக்குக்குப் போயி?" என்று அவள் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

மாரீஸ்வரி சொன்ன மாதிரியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. பழக்கத்தில் அவள் கையை எடுத்து நகத்தைப் பார்த்தேன். அதே சாம்பல் நிறம். லேபிள் ரூமில் ஒரு வாரம்தான் வைத்திருந்தார்களாம். பூச்சட்டி ஆர்டர் நெருக்குகிறது என்று திங்கட்கிழமை மறுபடி பழைய ரூமுக்கே தள்ளிவிட்டார்கள். அலுமினியம் ஏறின நகத்தில் ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று எந்த மகராசியாலும் கண்டுபிடிக்க முடியாது. இதை மறக்காதீர்கள், இந்தப் பக்கத்துப் பெண்ணின் கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுப்பு. நாடி ஓடுகிற ஓட்டத்தை எண்ண முடியவில்லை. பிரஷர் மேல் எண் எண்பதைத் தாண்டவில்லை.

"ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க" என்று பேச்சியம்மாளை அனுப்பினேன். குடிப்பதற்கு இல்லை, அவளை அந்த இடத்தில் இருந்து நகர்த்துவதற்கு.

"ரத்தம் பட்டுச்சாத்தா?"

"மூணு நாளா… திட்டுத் திட்டா. கருப்பா."

"வயிறு?"

"வலது பக்கம் காலைல சுருக்குன்னு இழுத்துச்சு. இப்ப அம்புட்டா இல்ல. தோள்தான் உயிர் போகுது." என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்டச் சொல்லிராதீக சிஸ்டர்."

அதற்குள் அத்தை ஒரு கையில் செம்பும் மறு கையில் காய்ந்த எண்ணெய்க் கிண்ணமுமாக வந்துவிட்டாள். செம்பைக் கீழே வைத்தாள். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டு, "தள்ளுங்க சிஸ்டர், ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டாச் சரியாப் போகும்" என்று குனிந்தாள்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் நான் கத்தினது அதுதான் முதல் தடவை.

இப்போது யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? ஒரு பக்கம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவள் சேலையை விடாமல் பிடித்திருக்கிறாள். இன்னொரு பக்கம், இவளை இப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றால், சுளுக்குக்கு எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்கிற மாமியாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் இருந்தது.

"மாரி உண்டாயிருக்கா."

மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். பிறகு அந்த எண்ணெய்க் கையாலேயே மருமகளின் கன்னத்தைப் பிடித்தாள். "ஏத்தா! நெசமாவா? எம்புட்டு நாளு? எங்கிட்டச் சொல்லலையே, என் ராசாத்தி" என்று இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். குலசாமி பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். அந்த அரை நிமிஷத்தை நான் கெடுக்க வேண்டியிருந்தது.

"பேச்சியம்மா, கேளுங்க. கரு பையில இல்ல. குழாயில தங்கியிருக்கு. குழாய் வெடிச்சு உள்ள ரத்தம் போகுது. இந்தப் பிள்ளை நிக்காது. இப்பப் புறப்பட்டாத்தான் மாரி நமக்கு."

அந்த முகத்தில் சந்தோஷம் இறங்குவதற்குள் பயம் ஏறியதை நான் பார்த்தேன். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே மூச்சில் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். அது நான் உண்டாக்கி வைத்த நிலைமை.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது, வர அரை மணி ஆகும் என்றார்கள். காலையில் பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு வருகிற வேன் முக்கில் நின்றது. டிரைவர் தலையைச் சொறிந்தான். "ஓனர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் சிஸ்டர்."

"ஓட்டிக்கிட்டே கேளுலே!" என்றேன். நல்ல பிள்ளை, அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு, அவளை வேனில் நீளவாக்கில் படுக்க வைத்தேன். தோள் வலியில் துடித்தாள். துடித்தாலும் தலை தாழ்ந்தே இருக்கட்டும், மயக்கம் போட்டுவிடக் கூடாது என்று கால் இரண்டையும் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். தலைமாட்டில் மாமியார். தண்ணீர் கேட்டாள், கொடுக்க விடவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவள் வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. "ஒரு மடக்குதானே கேக்கா, பாவி மக" என்று பேச்சியம்மாள் என்னைத் திட்டினாள். ரோட்டோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வந்தபோது, "இங்கன நிறுத்துங்க, ஒரு டிரிப்பாவது ஏத்திட்டுப் போவோம்" என்று அழுதாள். அங்கே ஆபரேஷன் கிடையாது, ரத்தம் கிடையாது. டிரிப் ஏற்றி முடிப்பதற்குள் நமக்கு இருக்கிற நேரம் போய்விடும். நிறுத்த வேண்டாம் என்று டிரைவரின் தோளைத் தட்டினேன். சரியான முடிவுதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசல் பின்னால் போனபோது, வழியில் ஏதாவது ஆனால் இந்த அம்மா சாகிற வரைக்கும் என்னை மன்னிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

சூலக்கரை வருகிறபோது விருதுநகர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு டாக்டரம்மாவுக்குப் போன் கிடைத்தது. குழாய் வெடித்திருக்கும் என்று நினைக்கிறேன், தியேட்டர் ரெடி பண்ணுங்கள், ரத்தம் வேண்டும் என்றேன். அந்த அம்மா பதறவில்லை.

"பதிவு எண் சொல்லுங்க."

கை பழக்கத்தில் பையைத் தேடியது.

"ரத்த குரூப்? ஹீமோகுளோபின் கடைசியா எம்புட்டு?"

என் பைக்குள் நோட்டு இருந்தது. அந்த ஊரில் உண்டாயிருக்கிற ஒவ்வொரு பெண்ணின் குரூப்பும் எண்ணும் அதில் இருந்தது, என் மடியில் கால் வைத்துப் படுத்திருக்கிறவளைத் தவிர.

"பதியல டாக்டர்."

"எத்தனை வாரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் டாக்டர். பதியலை."

"சரி, வாங்க" என்று வைத்துவிட்டார்.

வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. வயிறு முழுக்க ரத்தம் என்று பிறகு சொன்னார்கள். வலது பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். ரத்தம் பாட்டில் பாட்டிலாக ஏறியது. உயிர் தங்கியது. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு ஒன்று மட்டும் சொன்னார்: "கொண்டு வந்து சேர்த்ததும் நீங்கதான். லேட்டாக்கினதும் நீங்கதான். ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கங்க." அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

தியேட்டர் வாசல் பெஞ்சில் பேச்சியம்மாள் பொரிந்துகொண்டிருந்தாள். முருகேசன் லோடு இறக்கப் போன இடத்தில் இருந்து ஓடிவந்து, அழுக்குச் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருடா ஒம் பொண்டாட்டிக்கு. தோள்பட்டை வலின்னு வாய் கூசாமச் சொல்லிருக்காளே. நான் என்ன பேயா? எங்கிட்டச் சொல்லியிருந்தா இந்தக் கதி வருமா?"

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. மாரீஸ்வரி என்னைக் காட்டிக்கொடுக்கிறவள் இல்லை. தங்கச்சிகளே, வேனைப் பிடித்து ஓடியது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த பெஞ்சில் வாய் திறந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பொய்யை நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? படிச்சவுக நீங்களா சிஸ்டர்?" அவ்வளவுதான் கேட்டாள். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "போன தடவை நாங்க ஊரெல்லாம் கொட்டடிச்சதுனாலதான சொல்லாம விட்டா" என்றாள். முருகேசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். முருகேசன் வாசலில் நின்றான். தெருவில் போன ஒருவர், "என்னப்பா, வீட்ல ஒடம்புக்குச் சொகமில்லையாம்ல?" என்று விசாரித்தார். "இப்பப் பரவால்லண்ணே" என்று மட்டும் சொன்னான். அவனும் அதற்குள் வாயை மூடக் கற்றிருந்தான்.

மாரீஸ்வரி தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் அலுமினியம் கரைந்து நகம் தெரிந்தது. வெளுத்த நகம்தான். ஆனால் பார்க்க முடிந்தது.

"எப்ப இருந்து வலிச்சுச்சு தாயி? புதன்கிழமையா?"

"திங்கக்கிழமை சாயங்காலமே ஆரம்பிச்சுருச்சு சிஸ்டர்."

"ரெண்டு நாளா? ஏன்த்தா எனக்குப் போன் போடல?"

அவள் போர்வை நுனியைத் திருகினாள். "நீங்க சொல்லச் சொன்ன வலி நெசமாவே வந்துருச்சு. பொய் சொன்னேன்ல, அதுக்குத்தான் சாமி அதே எடத்துல குடுத்துருச்சுன்னு நெனச்சேன். பொய் சொன்னவ வாயால மறுபடியும் எப்படிச் சொல்றது? அதுவும் ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல, நீங்களே சொல்லிக் குடுத்தது. பொறுத்துக்கிட்டாப் பிள்ளை நிக்கும்னு பொறுத்துக்கிட்டேன்."

அவள் வலியைச் சொல்ல வைத்திருந்த ஒரே சொல்லை நான் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே செலவழித்துவிட்டேன். உண்மையான வலி வந்தபோது அவளிடம் சொல்லுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ரத்தம் மேலே ஏறுவதையும் தோளில் வலிப்பதையும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். "அப்ப நான் பொய் சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மருந்து ரூமுக்கும்? அதனால்தான் என்று சொல்ல முடியாது என்றேன். போன தடவை அத்தை ஊரெல்லாம் சொன்னதுக்கும் கண்ணுபட்டதுக்கும்? இல்லவே இல்லை என்றேன். ஆஸ்பத்திரியில் அவ்வளவு நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பேச்சியம்மாள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

உங்களிடமும் வந்து கேட்பார்கள். ஆடி கடைசி வெள்ளியைச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, எழுதாதீக என்பார்கள். ஊருக்குச் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்க வைக்காதீர்கள், வேறு நாளில் தனியாகக் கூட்டிப் போங்கள். அதற்குக் கொஞ்சம் அலைச்சல் படத்தான் வேண்டும். ஆனால் எழுதுங்கள். அவள் எதிரிலேயே எழுதி, வலது பக்கமோ இடது பக்கமோ வலித்தால், திட்டுப் பட்டால், படுத்தால் தோள் வலித்தால், பொய்யோ நிஜமோ எனக்குப் போன் போடு என்று சொல்லி அனுப்புங்கள். காரணம் கேட்கிறவர்களுக்குப் பொய்தான் வேண்டும் என்றால் அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். உடம்பு வலி எதையும் பொய்க்குக் கடன் கொடுக்காதீர்கள்.

அவள் அழுது முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு பையில் இருந்து நோட்டை எடுத்து விரித்தேன்.

"எதுக்கு சிஸ்டர்? அதான் போயிருச்சே. இல்லாததைப் போயி எழுதப் போறீகளா?"

"ஏழு வாரம் இருந்துச்சுல்ல தாயி."

அன்றைய தேதியைத்தான் போட்டேன், பழைய தேதி போடவில்லை. கடைசிக் கட்டத்தில், ஐந்தாவது வாரமே எனக்குத் தெரியும், நான் பதியவில்லை என்று என் கையெழுத்தில் எழுதினேன். அதற்கு எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான்.

பெயரை எழுதினேன், கணவர் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்துக்கு வந்ததும், விடை தெரிந்திருந்தும், முறைப்படி கேட்டேன்.

"கடைசியா எப்ப குளிச்ச?"

அடுப்படிக் கதவோரம் பேச்சியம்மாள் வந்து நின்றிருந்தாள். மாரீஸ்வரி அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"ஆடி கடைசி வெள்ளி, சிஸ்டர்."